நாற்பது சதுர அடியில் காய்கறித் தோட்டம்: கலவை போடுவது முதல் மறுநடவு வரை

ஆசையாக ஆரம்பித்துப் பாதியில் விட்ட மாடித்தோட்டங்களில், மூலையில் கிடக்கும் பையைக் கவிழ்த்துப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். மேலே இரண்டு அங்குலம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். அடியில் களி போலச் சேறும் புளித்த வாடையும் இருக்கும். வேர் அந்தச் சேற்றைத் தொட்ட இடத்தில் பழுப்பாகி நின்றிருக்கும். பழி என்னவோ பூச்சிமேல் போயிருக்கும். ஆனால் புதிதாகத் தொடங்கும் தோட்டங்களில் செடிகள் பெரும்பாலும் சாவது கலவை சரியில்லாமலும், தண்ணீர் விடும் முறை தெரியாமலும்தான். அதனால் இந்தக் கையேட்டில் விதையைவிடக் கலவைக்கும் தண்ணீருக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கணக்குக்கு எடுத்துக்கொண்ட இடம் 4 அடிக்கு 10 அடி. ஒரு பால்கனியாகவோ மொட்டைமாடியின் ஓரமாகவோ இருக்கலாம். இதில் 10 பைகள் போதும். கீரைக்கு 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 9 அங்குல உயரத்தில் செவ்வகப் பை 3. கத்தரி, மிளகாய், வெண்டை, தக்காளிக்கு 12க்கு 12 அங்குல வட்டப் பை 6. கொடிக்கு 15க்கு 15 அங்குலப் பை 1. முதல் முறையே முப்பது, நாற்பது பை வாங்கி அடுக்க வேண்டாம். பத்துப் பைகளைத் தினமும் இலை இலையாகப் பார்க்க முடியும், நாற்பதைப் பார்க்க முடியாது.

வெயிலும் எடையும்

பை வாங்கும் முன் ஒரு முழு நாள் வெயிலைக் கணக்கெடுங்கள். காலை 7 மணியிலிருந்து மணிக்கு ஒரு முறை எட்டிப்பார்த்து, தரையில் நேர்வெயில் எங்கே விழுகிறது என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டால் போதும். காய்க்கும் செடிக்கு 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். கீரை 3, 4 மணி நேரத்திலேயே வந்துவிடும். புதினாவும் பொன்னாங்கண்ணியும் அதற்கும் குறைவாகவே கேட்கும்.

ஒரு நாள் பார்த்ததை வைத்து வருடம் முழுக்க அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சென்னையில் சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியும் வரை உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கும். ஆகவே தெற்குப் பார்த்த பால்கனிக்குப் புரட்டாசியிலிருந்து பங்குனி வரை நல்ல வெயில் உள்ளே வரும். ஆடியில் நாற்று விட்டால் பூக்கிற நேரத்துக்கு வெயில் வந்து சேரும். வடக்குப் பால்கனியில் வருடத்தின் பெரும்பகுதி நேர்வெயிலே இருக்காது. அங்கே தக்காளிக்காக மெனக்கெடாமல் கீரையோடும் புதினாவோடும் நிற்பது நல்லது.

எடையைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர விதி வைத்திருக்கும் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 12க்கு 12 பை ஒன்று நனைந்த நிலையில் 17 கிலோ வரும். இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்கினால் ஒரு சதுர மீட்டரில் 9 பை பிடிக்கும். அதாவது 150 கிலோவைத் தாண்டிவிடும், அதன்மேல் மனிதர்களும் நடக்க வேண்டும். மேலே சொன்ன 10 பைகளும் சேர்ந்து நனைந்தால் 230 கிலோ. 40 சதுர அடியில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 62 கிலோதான். கனமான பைகளைச் சுவரோரமாகவோ கீழே உத்தரம் ஓடும் வரிசையிலோ வையுங்கள். பால்கனியில் கம்பிப் பக்கம் வேண்டாம், சுவர்ப் பக்கம்தான் பாதுகாப்பு. ஏற்கெனவே விரிசலும் ஒழுகலும் உள்ள பழைய கட்டடமானால், கட்டடப் பொறியாளரிடம் காட்டாமல் தொடங்காதீர்கள்.

பையை வெறுந்தரையில் வைக்கக் கூடாது. செங்கலையோ இரும்புத் தாங்கியையோ கொடுத்து, துடைப்பம் நுழையும் அளவு, 3 அங்குலமாவது தூக்கி வையுங்கள். இல்லையென்றால் பையின் அடி காயவே காயாது. துளை வழியாக இறங்கும் வேர் தளஓட்டின் இணைப்பைத் தேடிப் போகும். கசிவு தெரிந்து கீழ்வீட்டுக்காரர் வந்து சொல்லும்போது காலம் கடந்திருக்கும்.

பையில் வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு நிறம் உள்ள கனமான குரோ பேக் வாங்குங்கள். வெளியும் கறுப்பான பை சித்திரை வெயிலில் வேரை வேகவைத்துவிடும். அரிசிச் சாக்கு, சிமென்ட் சாக்கெல்லாம் ஒரே கோடையில் பொடிந்து உதிரும். 20 லிட்டர் பெயின்ட் வாளி இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். நன்றாகக் கழுவி, அடியில் அரை அங்குலத் துளை ஆறு போட்டால் 12 அங்குலப் பைக்குச் சமம்.

கலவை

பத்துப் பைக்கும் சேர்த்து 240 லிட்டர் கலவை தேவை. எடை குறைய வேண்டும் என்பதால் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு என்று எடுத்துக்கொள்ளலாம். அதாவது:

- 5 கிலோ கோகோபீட் கட்டி 2 (ஊறினால் ஒவ்வொன்றும் 65 லிட்டருக்குக் குறையாமல் வரும்)
- செம்மண் 60 லிட்டர், 15 லிட்டர் வாளியில் 4 வாளி
- மண்புழு உரம் 60 லிட்டர், ஏறக்குறைய 40 கிலோ. மக்கிய தொழு உரமும் ஆகும்
- வேப்பம் புண்ணாக்கு 1 கிலோ
- சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா விரிடி (வேர் நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்கள்) தூள் தலா 100 கிராம்

கோகோபீட்டை ஊறவைத்த தண்ணீரோடு அப்படியே கொட்டுவதுதான் முதல் தவறு. தென்னை மட்டையில் இயல்பாகவே உப்பு இருக்கும். மட்டையை உப்பங்கழியில் ஊறவைத்திருந்தால் இன்னும் கூடும். கட்டியைப் பெரிய தொட்டியில் போட்டு 25 லிட்டர் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். காலையில் அந்தப் பழுப்புத் தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிட்டு, மறுபடி நல்ல தண்ணீர் ஊற்றி அலசுங்கள். மூன்றாவது அலசலில் நிறம் இளம் தேநீராக வந்துவிட்டால் போதும். அலசாத கோகோபீட்டில் முளைத்த நாற்றின் இலை நுனி பத்து நாளில் கருகும். அதை நோய் என்று நினைத்து மருந்தடித்துக்கொண்டிருப்பார்கள்.

செம்மண்ணைக் கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து அள்ளி வராதீர்கள். அதில் கலந்த சிமென்டும் சுண்ணாம்பும் மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். அப்புறம் என்ன உரம் போட்டாலும் இரும்புச் சத்து செடிக்கு ஏறாது. தொழு உரம் வாங்கினால் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தாலோ சாண வாடை வந்தாலோ அது மக்கவில்லை. மக்கிய எருவில் மழைக்குப் பிந்தைய மண் வாசம்தான் வரும்.

எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டிப் புரட்டிப் புரட்டிக் கலக்குங்கள். பிறகு ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் கசிய வேண்டும், கையை விரித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் ஒழுகினால் ஈரம் அதிகம், இன்னும் கொஞ்சம் செம்மண் சேருங்கள். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் தண்ணீர் தெளியுங்கள். இந்தப் பதம் வந்த பிறகு பையின் விளிம்புக்கு 2 அங்குலம் கீழே வரை நிரப்பி, நிழலில் 10 நாள் வையுங்கள். இடையில் ஈரம் காயாமல் லேசாகத் தெளித்தால் போதும். இந்தப் பத்து நாளில்தான் வேப்பம் புண்ணாக்கின் சூடு தணியும், நுண்ணுயிர்களும் பெருகும். பொறுமையில்லாமல் அன்றைக்கே விதைத்தால் முளை வெந்துபோகும்.

முதலில் கீரை

முதல் மாதம் மூன்று கீரைப் பைகளை மட்டும் விதையுங்கள். 25 நாளில் சமையலறைக்கு வந்துவிடும், கலவை சரியா தவறா என்பதையும் கீரையே காட்டிக்கொடுக்கும். ஒன்றில் சிறுகீரை, இன்னொன்றில் அரைக்கீரை, மூன்றாவதில் வெந்தயமும் கொத்தமல்லியும்.

கீரை விதை கடுகிலும் சிறிது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் கொத்தாக விழும். ஒரு சிட்டிகை விதைக்கு ஒரு கைப்பிடி உலர்ந்த மணல் கலந்து தூவி, மேலே கால் அங்குலத்துக்கு மேல் மூடாமல் கலவை தூவுங்கள். ஆழத்தில் புதைத்தால் முளைக்காது. தண்ணீரைப் பூவாளியாலோ தெளிப்பானாலோதான் விட வேண்டும். குவளையால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். விதைத்த அன்றே எறும்பு வரிசை கட்டி வந்து தூக்கிக்கொண்டு போகும். பையைச் சுற்றிக் கொஞ்சம் அரிசி நொய்யோ ரவையோ தூவிவிட்டால் எறும்பின் கவனம் அந்தப் பக்கம் திரும்பும், அதற்குள் விதை முளைவிட்டுவிடும். ஊரில் நாற்றங்காலுக்குச் செய்கிற அதே உபாயம்தான்.

கொத்தமல்லி முளைக்கவில்லை என்ற குறை எல்லா வீட்டிலும் உண்டு. முழு மல்லியைப் போடாமல், சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, இரவு ஊறவைத்து விதையுங்கள். 8 முதல் 12 நாள் எடுக்கும், அதுவரை கிளறிப் பார்க்காதீர்கள். கடுங்கோடையில் மல்லி இலை பிடிக்காமல் பூவுக்குப் போய்விடும். ஐப்பசியிலிருந்து மாசி வரை அதற்கு நல்ல காலம்.

சிறுகீரையை 25, 30 நாளில் வேரோடு பிடுங்குங்கள். அரைக்கீரையைப் பிடுங்கக் கூடாது. 30, 35 நாளில் அடியில் இரண்டு அங்குலம் விட்டுக் கிள்ளினால் பக்கத்தில் தழைக்கும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு அறுப்பு கிடைக்கும்.

காய்க்கும் செடிகள்

கீரை நன்றாக வந்த பிறகு ஆறு வட்டப் பைகளை எடுங்கள். வெண்டை 2, கத்தரி 2, மிளகாய் 1, தக்காளி 1 என்று வைக்கலாம். தக்காளியில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 நம் வெயிலுக்குப் பழகிய குட்டை ரகம், முதல் முறைக்கு ஏற்றது.

வெண்டையை நாற்று விட்டுப் பிடுங்கி நடக் கூடாது. அதன் ஆணிவேருக்கு இடமாற்றம் ஆகாது. விதையை இரவு ஊறவைத்து, பைக்கு இரண்டாக முக்கால் அங்குல ஆழத்தில் நேரடியாக ஊன்றுங்கள். இரண்டும் முளைத்தால் வலுவானதை வைத்துக்கொண்டு மற்றதை அடியில் கத்தரித்துவிடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் பக்கத்து வேரும் அறும். 45 நாளில் காய் வரத் தொடங்கும். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். ஒரு காய் முற்ற விட்டாலும் செடி அடுத்த பூவைத் தள்ளிப்போடும்.

கத்தரி, மிளகாய், தக்காளியைக் குழித்தட்டில் விதைத்து நாற்றாக நடுங்கள். தக்காளி நாற்று 25 நாளிலும், கத்தரி 30 நாளைத் தாண்டியும், மிளகாய் 40 நாள் வாக்கிலும் நடவுக்கு வரும். நடவு எப்போதும் மாலை 5 மணிக்கு மேல். தக்காளியை மட்டும் முதல் இலை வரை தண்டைப் புதைத்து நடலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். கத்தரியையும் மிளகாயையும் தட்டில் இருந்த அதே மட்டத்தில் நடுங்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மாடிக்கும் பொருந்தும். ஆனால் ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றும் சொல்லி வைத்திருக்கிறார்கள். கோவை, திருநெல்வேலிப் பக்கம் அந்தக் காற்று மாடியில் இரண்டு மடங்காக அடிக்கும். நட்ட அன்றைக்கே குச்சி ஊன்றி, தண்டோடு எட்டுப் போலச் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். சென்னை, கடலூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் சோதனை. மழை பிடிக்கும் முன் ஒவ்வொரு பையின் துளையிலும் குச்சி விட்டு அடைப்பு எடுத்துவிடுங்கள். தக்காளிக்கு இங்கே கார்த்திகையில் நாற்று விட்டு, தை, மாசிக் குளிரில் காய் பிடிக்க வைப்பது நல்ல பலன் தரும். பங்குனிக்கு மேல் இரவும் புழுங்கத் தொடங்கினால் மகரந்தம் பலன் இழந்து பூ கொட்டும், அதற்கு மருந்து கிடையாது. கத்திரி வெயிலில் 50 சதவீத நிழல்வலை கட்டி இருக்கும் செடிகளைக் காப்பாற்றினால் போதும்.

கொடிப் பைக்கு மிதிபாகல் நல்லது. விதையை ஊறவைத்து இரண்டு ஊன்றி ஒன்றை வைத்துக்கொண்டு, கயிற்றில் கிரில்மீது ஏற்றுங்கள். பால்கனியில் தேனீ வராமல் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் காலை 8 மணிக்குள் கையால் சேருங்கள். பூவுக்குப் பின்னால் குட்டிப் பாகல் போலப் புடைப்பு இருந்தால் பெண் பூ, வெறுங்காம்பு என்றால் ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவினால் வேலை முடிந்தது. பாகலுக்குப் பதில் பீர்க்கை போட்டிருந்தால் அது சாயங்காலம்தான் பூக்கும், அப்போது செய்யுங்கள்.

தண்ணீர்

"தினம் ஒரு சொம்பு" என்று கணக்கு வைத்துக்கொள்வதுதான் செடியைக் கொல்கிறது. ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை கலவைக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்றைக்கு வேண்டாம். கோகோபீட்டின் மேல்பரப்பு வெளிறிக் காய்ந்தது போலக் காட்டும்போதே உள்ளே ஈரம் நிறைந்திருக்கும், கண்ணை நம்பக் கூடாது. வளர்ந்த செடி உள்ள 12 அங்குலப் பை சாதாரண நாளில் ஒரு லிட்டர் குடிக்கும். சித்திரை வெயிலில் காலையும் மாலையும் ஒவ்வொரு லிட்டர் கேட்கும். இலை மேல் ஊற்றாமல் அடியில் மெதுவாக, துளையிலிருந்து சொட்டு விழும் வரை விடுங்கள். ஒரு முறை முற்றிலும் காயவிட்டால் கோகோபீட் தண்ணீரை உள்ளே வாங்காது, ஓரமாக வழிந்து போய்விடும். அப்போது பையை ஒரு தொட்டியில் அரை மணி நேரம் நிறுத்தி அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் விடும் வீடுகளில் பையின் விளிம்பில் வெள்ளை உப்புப் படியும். மாதம் ஒரு முறை வழக்கத்தைப் போல மூன்று மடங்கு தண்ணீர் விட்டு உப்பை அடியில் வெளியேற்றுங்கள். மழை பெய்தால் அந்த வேலையை மழையே செய்துவிடும். குடிநீர் சுத்திகரிப்பானின் கழிவுநீரில் உப்பு இன்னும் அடர்த்தியாக இருக்கும். சிக்கனம் என்று நினைத்து அதைச் செடிக்குத் திருப்பிவிடாதீர்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, அதை விடலாம்.

ஊட்டம், பூச்சி, நோய்

15 நாளுக்கு ஒரு முறை பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம். பூ எடுக்கும் பருவத்தில் வாரம் ஒரு முறை பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி. மீன் அமிலமானால் (மீன் கழிவை வெல்லத்தோடு புளிக்கவைத்த கரைசல்) லிட்டருக்கு 5 மில்லி போதும், ஆனால் பால்கனியில் வாடை பக்கத்து வீடு வரை போகும். காய்கறித் தோலை நேரடியாகப் பையில் புதைக்க வேண்டாம். மக்கும்போது வேருக்குப் போக வேண்டிய தழைச்சத்தை (நைட்ரஜன்) அதுவே எடுத்துக்கொள்ளும், ஈயும் மொய்க்கும்.

இலையைப் படிக்கப் பழகுங்கள். அடி இலைகள் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. கோகோபீட் அதிகமுள்ள கலவையில் இது சகஜம், மண்புழு உரம் கூட்டுங்கள். குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறை. வெண்டையில் இதற்கு நேர்மாறாக நரம்பே வலை பின்னியது போலப் பளிச்சென்று மஞ்சளாகும். இது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், மருந்து இல்லை. அன்றைக்கே பிடுங்கி அப்புறப்படுத்தினால்தான் பக்கத்துச் செடி தப்பும். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கினால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக விடுவதே பெரும்பாலும் காரணம். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டு உடனே பலனை எதிர்பார்க்க முடியாது, அது கரைய மாதக்கணக்காகும்.

மிளகாய் இலைச் சுருட்டலில் திசையைப் பாருங்கள். மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப் பேன். இலைப்பேன், அசுவினி, வெள்ளை ஈக்கு வேப்பெண்ணெய் 5 மில்லியில் முதலில் 2 மில்லி சோப்புத் திரவத்தைக் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்குங்கள். நேரடியாகத் தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதந்து, கடைசியில் தெளிக்கும் செடியை எரிக்கும். மாலையில், இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். சிலந்திப் பேனுக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். ஆனால் வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்கக் கூடாது, உச்சிவெயிலிலும் கூடாது, இலை கருகும். கத்தரியில் குருத்து மட்டும் தலை தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, புழுவோடு அழித்துவிடுங்கள். மாவுப்பூச்சியைப் பழைய பல்துலக்கியால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தெடுங்கள். அதைச் செடிக்குச் செடி சுமந்து போகும் எறும்பையும் தடுக்காவிட்டால் மறுவாரம் திரும்ப வரும்.

பையை மறுபடி தயார் செய்வது

காய்ப்பு ஓய்ந்த செடியைப் பிடுங்கியதும் வேரைக் கழுவிப் பாருங்கள். வெண்டையிலோ தக்காளியிலோ வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் அது நூற்புழு. அந்தக் கலவையைத் தார்ப்பாயில் மெல்லப் பரப்பிக் கோடை வெயிலில் ஒரு வாரம் காயவைத்து, அடுத்த மூன்று மாதம் அதில் செண்டுமல்லி வையுங்கள். வேர் வெள்ளையாக, சுத்தமாக இருந்தால் மூன்று நாள் காயவைத்து, தடித்த வேர்களைப் பொறுக்கிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு புது மண்புழு உரமும் பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து, பழையபடி பத்து நாள் ஈரத்தில் வையுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றின் நோய் மண்ணில் தங்கி மற்றதைப் பிடிக்கும். அவை இருந்த பையில் அடுத்த முறை வெண்டையோ கொத்தவரையோ ஊன்றி, வெண்டை இருந்த பைக்குக் கத்தரி நாற்றை மாற்றுங்கள்.